கொம்புகளை எண்ணிய விவசாயி

குறியீடுகளின் வரலாறு – 11

1842-ஆம் ஆண்டின் கோடைக்காலம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஈஸ்ட் கிங்ஸ்டன் என்ற சிற்றூரை ஒட்டிய தோப்பில் கூடாரங்கள் முளைத்திருந்தன. பலகை இருக்கைகளில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் இரண்டு பெரிய துணித் திரைகள் தொங்கின. ஒன்றில் பிரமாண்டமான மனித உருவம்: தலை பொன், மார்பு வெள்ளி, வயிறு வெண்கலம், கால்கள் இரும்பு, பாதங்களில் களிமண். மற்றொன்றில் பல தலைகள் கொண்ட மிருகங்கள், வலுசர்ப்பம், சிவப்பாடை அணிந்த பெண். பிரசங்கியார் ஒவ்வொரு கொம்பையும் காட்டிக் காட்டி, இது இன்ன ராஜ்யம், இது இன்ன வருஷம் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் கவிஞர் ஜான் கிரீன்லீஃப் விட்டியரும் இருந்தார். அவர் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். மௌனமே வழிபாடு என்று வளர்ந்தவர். கீழ்த்திசை ஞானிகளின் மறைபொருள் உருவங்களை அப்பட்டமான அமெரிக்கச் சமாச்சாரங்களாக்கி, ஊர் ஊராகப் போகும் மிருகக் காட்சிபோலத் தொங்கவிட்டிருக்கிறார்களே என்று பின்னாளில் ஒரு கட்டுரையில் அங்கலாய்த்தார். ஆனால் பலகைகளில் அமர்ந்திருந்தவர்களுக்கு அது காட்சிப் பொருளாகத் தோன்றவில்லை. அவர்கள் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு வந்தவர்கள். எந்த மிருகத்திலிருந்து தொடங்கினாலும் விடை ஒன்றாகவே வந்தது: 1843. உலகம் முடிய இன்னும் ஓராண்டுதான்.

இந்தக் கணக்கின் மூலம் தானியேல் புத்தகத்தின் எட்டாம் அதிகாரம். இரண்டு கொம்புள்ள ஆட்டுக்கடா ஒன்று ஆற்றங்கரையில் நிற்கிறது. மேற்கிலிருந்து தரையில் கால் பாவாமல் பாய்ந்து வரும் வெள்ளாட்டுக்கடா அதை முட்டித் தள்ளுகிறது. வெள்ளாட்டுக்கடாவின் பெரிய கொம்பு முறிந்து, அந்த இடத்தில் நான்கு கொம்புகள் முளைக்கின்றன. அவற்றில் ஒன்றிலிருந்து சின்னதாக இன்னொரு கொம்பு புறப்பட்டு, வானத்தை எட்டும் அளவுக்கு வளர்ந்து, ஆலயத்தின் அன்றாடப் பலியை நிறுத்திவிடுகிறது. இந்த அட்டூழியம் எத்தனை காலம் என்று ஒரு குரல் கேட்கிறது. 2,300 இராப்பகல்கள், அதன்பின் பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்று இன்னொரு குரல் விடை சொல்கிறது.

உருவங்களில் பாதிக்குப் புத்தகமே பொருள் சொல்லிவிடுகிறது. ஆட்டுக்கடா மேதிய, பாரசீக அரசுகள், வெள்ளாட்டுக்கடா கிரேக்கம். அப்படியானால் முறிந்த பெரிய கொம்பு அலெக்சாந்தர், நான்கு கொம்புகள் அவருக்குப் பின் வந்த அரசுகள் என்பதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் சின்னக் கொம்பில்தான். சிரியாவை ஆண்ட நான்காம் அந்தியோக்கஸ் மன்னன் கி.மு. 167-இல் எருசலேம் ஆலயத்தில் கிரேக்கக் கடவுளுக்குப் பலிபீடம் எழுப்பினான். கி.மு. 164-இல் யூதா மக்கபே ஆலயத்தை மீட்டுச் சுத்திகரித்தார். யூதர்களின் ஹனுக்கா விழா அதன் நினைவே. சின்னக் கொம்பு இந்த அந்தியோக்கஸ்தான், புத்தகமும் அவன் காலத்தில் எழுதப்பட்டதுதான் என்று கி.பி. 3-ஆம் நூற்றாண்டிலேயே போர்ஃபிரி என்ற கிரேக்கத் தத்துவவாதி வாதிட்டார். அவருக்கு மறுப்பு சொல்லப்போய், அவருடைய வாதங்களை நமக்குக் காப்பாற்றித் தந்தவர் புனித ஜெரோம். இன்றைய விவிலிய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் நிற்பது போர்ஃபிரியின் பக்கம்தான். காலையும் மாலையும் நடக்கும் இரண்டு பலிகளைத் தனித்தனியாக எண்ணினால் 2,300 என்பது 1,150 நாள் ஆகிறது. ஆலயம் தீட்டுப்பட்டுக் கிடந்த மூன்று ஆண்டுக்கு அது ஏறத்தாழப் பொருந்துகிறது.

ஆனால் சீர்திருத்தத் திருச்சபைகளின் வாசிப்பு வேறு தடத்தில் போனது. எண்ணாகமத்திலும் எசேக்கியேலிலும் ஒரு நாளுக்கு ஒரு வருஷம் என்று கணக்கு வைக்கும் இடங்கள் உண்டு. அந்த இரண்டு வசனங்களைப் பொது விதியாக்கிக்கொண்டால் தீர்க்கதரிசன நாளெல்லாம் வருஷமாகிவிடும். கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜோசஃப் மீட் 1627-இல் வெளிப்படுத்தின விசேஷத்துக்கு இந்த முறையில்தான் திறவுகோல் செய்தார். ஐசக் நியூட்டன் தானியேலையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் பற்றி எழுதிய நூல், அவர் இறந்து ஆறு ஆண்டு கழித்து 1733-இல் வந்தது; அதிலும் நாள் என்றால் வருஷம்தான். ஜெர்மனியில் யோகான் பெட்ரி 1768-இல் 2,300 நாட்களையும் தானியேல் ஒன்பதாம் அதிகாரத்தின் 70 வாரங்களையும் ஒரே புள்ளியில் தொடங்கவைத்தார். ஈஸ்ட் கிங்ஸ்டன் திரைகளுக்கு வேண்டிய சரக்கெல்லாம் இப்படி ஐரோப்பிய நூலகங்களில் முன்பே தயாராகிக் கிடந்தது. அதை ஊர்ச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்தான் நம் கதாநாயகர்.

வில்லியம் மில்லர் 1782-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர், 16 பிள்ளைகளில் மூத்தவர். நியூயார்க் மாநிலத்தின் லோ ஹாம்ப்டனில் வளர்ந்த விவசாயி. பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான்; ஆனால் கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பார். திருமணமாகி வெர்மான்ட் மாநிலத்தின் பூல்ட்னிக்குக் குடிபோன இடத்தில் வால்டேரும் ஹியூமும் டாமஸ் பெய்னும் படித்து, கடவுள் உலகைப் படைத்ததோடு சரி, அதன்பின் அதில் தலையிடுவதில்லை என்ற கட்சியில் சேர்ந்தார். தாத்தாவும் தந்தையின் சகோதரரும் பிரசங்கிமார்கள். அவர்கள் ஜெபிக்கும் தோரணையை நடித்துக் காட்டி நண்பர்களைச் சிரிக்கவைப்பது அவருக்குப் பொழுதுபோக்கு.

1814 செப்டம்பர் 11-இல் பிளாட்ஸ்பர்க் போர். மில்லர் அங்கே அமெரிக்கப் படையில் கேப்டன். எண்ணிக்கையில் மிகுந்த பிரிட்டிஷ் படை பின்வாங்கியது. இரண்டடி தூரத்தில் வெடித்த குண்டு ஒன்று தன்னை ஒன்றும் செய்யவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். தலையிடாத கடவுள் என்ற நம்பிக்கை அங்கே ஆட்டம்கண்டது. 1816-இல் அவர் விசுவாசியானார். பழைய நண்பர்கள் சும்மா இருப்பார்களா? பைபிளில் உள்ள முரண்களுக்கெல்லாம் பதில் சொல்லப்பா என்று சீண்டினார்கள். அவகாசம் கொடுங்கள், எல்லா முரணையும் தீர்த்துக் காட்டுகிறேன், முடியாவிட்டால் பழையபடி உங்கள் கட்சிக்கே வந்துவிடுகிறேன் என்றார் மில்லர்.

அவர் உட்கார்ந்து படித்த முறை கவனிக்கத்தக்கது. விளக்கவுரைகள் அத்தனையையும் ஒதுக்கிவிட்டார். மேசையில் இரண்டே புத்தகங்கள். ஒன்று, பக்க ஓரங்களில் ஆண்டுக் குறிப்புகள் அச்சிட்ட ஆங்கில பைபிள். மற்றொன்று, லண்டனில் 1737-இல் அலெக்சாண்டர் க்ரூடன் வெளியிட்ட ஒத்தவாக்கிய அகராதி. ஒரு சொல் பைபிளில் எங்கெங்கே வருகிறது என்று வரிசைப்படுத்தித் தருவது. ஆதியாகமத்தின் முதல் வசனத்திலிருந்து தொடங்கினார். ஒரு வசனத்தின் பொருள் தெளியும்வரை அடுத்ததற்குப் போகமாட்டார்.

பின்னாளில் தன் முறையை 14 விதிகளாக எழுதினார். சொல் நேர்ப்பொருளில் சரியாக வந்து, இயற்கைக்கும் முரணாகாவிட்டால் நேராகவே எடுத்துக்கொள். வராவிட்டால் அது உருவகம். உருவகமானால் அதே சொல்லை பைபிள் முழுக்கத் தேடு, எங்கோ ஓரிடத்தில் அதற்கு விளக்கம் இருக்கும், அதைக் கொண்டுவந்து இங்கே பொருத்து. பொருந்தினால் விஷயம் முடிந்தது, இல்லையேல் மறுபடி தேடு. இப்படித் தேடியதில் அவருக்கு ஓர் அட்டவணையே கிடைத்தது. மிருகம் என்றால் ராஜ்யம், மலை என்றால் அரசு, தண்ணீர் என்றால் ஜனங்கள், விளக்கு என்றால் தேவவார்த்தை, நாள் என்றால் வருஷம்.

குருமார் வேண்டாம், கிரேக்கமும் எபிரேயமும் வேண்டாம். தாய்மொழி பைபிளும் பொறுமையும் இருந்தால் எந்த உழவனும் தானியேலைப் படித்துப் பொருள் சொல்லலாம். ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்து அமெரிக்காவுக்கு இதைவிடப் பிடித்தமான வேறு எதைச் சொல்லிவிட முடியும்?

இந்த முறையை 2,300 நாட்களுக்குப் பொருத்தினார். தரிசனம் பாரசீகத்தில் தொடங்கிக் கிரேக்கத்தைக் கடந்து முடிவுகாலம்வரை போகிறது என்று தேவதூதன் சொல்கிறான். ஆறரை வருஷத்துக்கும் குறைவான காலத்தில் இத்தனை ராஜ்யங்கள் எழுந்து விழ முடியாது. ஆகவே நாள் இங்கே நேர்ப்பொருளில் இல்லை, வருஷம். எப்போது தொடங்குகிறது? ஒன்பதாம் அதிகாரத்தில் எருசலேமைக் கட்டும் கட்டளை முதல் 70 வாரங்கள், அதாவது 490 நாட்கள், விதியின்படி 490 வருஷங்கள் வருகின்றன. அர்தசஷ்டா மன்னன் எஸ்றாவுக்குத் தந்த கட்டளையைப் பக்க ஓரக் குறிப்பு கி.மு. 457 என்று காட்டியது. அதிலிருந்து 490 வருஷம் எண்ணினால் கி.பி. 33, இயேசு சிலுவையில் அறையப்பட்டதாக மில்லர் கொண்ட ஆண்டு. முதல் 490 இவ்வளவு கச்சிதமாகப் பலித்துவிட்டதால் மிச்சம் 1,810 மட்டும் பொய்க்குமா? 33-உடன் 1,810-ஐக் கூட்டினால் 1843.

பரிசுத்த ஸ்தலம் என்பது எது? ஆலயம் கி.பி. 70-இலேயே இடிந்துபோனது. ஆகவே அது இந்தப் பூமியும் அதிலுள்ள சபையும்; சுத்திகரிப்பு என்பது கிறிஸ்து திரும்பி வரும்போது நெருப்பால் நடப்பது. கணக்கு முழுவதிலும் மிகக் குறைவாக ஆராயப்பட்ட இடம் இதுதான் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1818-இல் விடை கிடைத்துவிட்டது. மில்லர் ஊரைக் கூட்டவில்லை. தன் முடிவுக்குத் தானே ஆட்சேபங்கள் எழுப்பி, இன்னும் பல ஆண்டுகள் படித்துக்கொண்டிருந்தார். 1831 ஆகஸ்டில், கூப்பிட்டால் போய்ப் பேசுகிறேன் என்று கடவுளிடம் வாக்குக் கொடுத்தார். அரைமணி நேரத்துக்குள் பக்கத்து ஊர் டிரெஸ்டனிலிருந்து உறவுக்காரப் பையன் வந்து அழைத்தான் என்பது அவரே சொன்ன கதை. கேப்டன் மில்லர் அதன்பின் ‘ஃபாதர் மில்லர்’ ஆனார்.

எட்டு ஆண்டுகள் அவருடைய பிரசங்கம் சின்ன ஊர்களோடு நின்றது. 1839-இல் பாஸ்டன் நகரப் போதகர் ஜோஷுவா ஹைம்ஸ் அவரைச் சந்தித்தபின் காட்சி மாறியது. ஹைம்ஸ் அடிமை முறை ஒழிப்பு இயக்கத்தில் புடம்போடப்பட்டவர், அச்சுக்கூடத்தின் பலம் தெரிந்தவர். 1840-இல் ‘சைன்ஸ் ஆஃப் தி டைம்ஸ்’ என்ற பத்திரிகை, 1842-இல் நியூயார்க்கில் ‘தி மிட்நைட் க்ரை’, ஏறத்தாழ 4,000 பேர் கொள்ளும் பிரமாண்டக் கூடாரம் என்று வரிசையாக வந்தன. அதே 1842 மே மாதம் பாஸ்டன் மாநாட்டில் சார்ல்ஸ் ஃபிட்ச், அப்பல்லோஸ் ஹேல் என்ற இரு போதகர்கள் ஒரு சுவர் விளக்கப்படத்தைக் கொண்டுவந்தார்கள். நேபுகாத்நேச்சார் கனவில் கண்ட சிலை, நான்கு மிருகங்கள், ஆட்டுக்கடா, வெள்ளாட்டுக்கடா, எக்காளங்கள் எல்லாம் ஒரே தாளில். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கூட்டல் கழித்தல். மாநாட்டிலேயே 300 படிகள் அச்சிடத் தீர்மானம் ஆனது. பிரசங்கிமார் அதைச் சுருட்டிக் கையோடு எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள்.

எழுத்து வடிவில் இருந்தபோது மிருகம் வாசகரின் மனத்தில் அசைந்துகொண்டிருந்தது. படமாக வரைந்து பக்கத்தில் ஆண்டைப் பொறித்ததும் அதன் அசைவு நின்றுவிட்டது. எதிரிகள் மறுத்ததும் அந்த எண்களைத்தான், நம்பியவர்கள் பற்றிக்கொண்டதும் அந்த எண்களைத்தான்.

அந்த எண்களுக்குப் பெரும் மதிப்பு வாங்கித் தந்தவர் மெத்தடிஸ்ட் போதகர் ஜோசையா லிட்ச். வெளிப்படுத்தின விசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் பாதாளக் குழியிலிருந்து வெட்டுக்கிளிகள் புறப்பட்டு ஐந்து மாதம் மனிதரை வாதிக்கின்றன. பிறகு யூப்ரடீஸ் நதியருகே கட்டப்பட்டிருந்த நான்கு தூதர்கள் அவிழ்த்துவிடப்படுகிறார்கள்; அவர்களுக்குக் குறித்த காலம் ஒரு மணி, ஒரு நாள், ஒரு மாதம், ஒரு வருஷம். லிட்ச் துருக்கியரை இதில் கண்டார். ஐந்து மாதம் 150 நாள், எனவே 150 வருஷம். 1299 ஜூலை 27-இல் தொடங்கினால் 1449. அடுத்து, வருஷத்துக்கு 360, மாதத்துக்கு 30, நாளுக்கு 1, மொத்தம் 391 வருஷம். ஒரு மணி நேரம் நாளில் 24-இல் ஒரு பங்கு, எனவே 15 நாள். கூட்டினால் 1840 ஆகஸ்ட் 11. அன்று ஒட்டோமான் பேரரசின் ஆதிக்கம் முடியும் என்று அந்த மாதத் தொடக்கத்திலேயே லிட்ச் அச்சில் போட்டார்.

அந்த வாரத்தில் கான்ஸ்டான்டிநோபிள் விழவில்லை. ஆனால் எகிப்தின் முகமது அலிக்கு எதிராகத் துருக்கி சுல்தான் பிரிட்டன், ஆஸ்திரியா, பிரஷ்யா, ரஷ்யா ஆகிய நான்கு வல்லரசுகளின் தயவை நாடியிருந்தார். அவர்களோடு சேர்ந்து விடுத்த இறுதி எச்சரிக்கையைச் சுமந்த சுல்தானின் தூதர் அலெக்சாண்ட்ரியாவில் வந்து இறங்கிய நாள் ஆகஸ்ட் 11. செய்தி கப்பலேறி அமெரிக்கா வந்தபோது மில்லர் அணியினருக்கு ஒரே கொண்டாட்டம். பேரரசு அதன்பின் 82 ஆண்டு உயிரோடிருந்தது வேறு விஷயம்.

வானமும் ஒத்துழைத்தது. 1755-இல் லிஸ்பன் நகரை அழித்த பூகம்பம், 1780 மே 19-இல் நியூ இங்கிலாந்து நடுப்பகலில் இருண்டது, 1833 நவம்பர் 13 விடிகாலையில் ஆயிரமாயிரமாக எரிநட்சத்திரங்கள் பொழிந்தது: வெளிப்படுத்தின விசேஷத்தில் ஆறாம் முத்திரை உடையும்போது நிலம் அதிரும், சூரியன் கறுக்கும், நட்சத்திரங்கள் அத்திக்காய்போல் உதிரும் என்ற வரிசைக்கு இம்மூன்றும் அப்படியே அமைந்தன. போதாக்குறைக்கு 1843 பிப்ரவரி இறுதியில் பட்டப்பகலிலேயே கண்ணுக்குத் தெரிந்த வால்நட்சத்திரம் வேறு.

மறுத்தவர்களும் லேசுப்பட்டவர்களல்லர். ஆண்டோவர் இறையியல் கல்லூரியின் மோசஸ் ஸ்டூவர்ட், அன்றைய அமெரிக்காவின் முதல்தர எபிரேய அறிஞர், 1842-இல் ஒரு நூலே வெளியிட்டார். நாள் என்றால் நாள், சின்னக் கொம்பு அந்தியோக்கஸ், நாளை வருஷமாக்கும் விதிக்கு வேதத்தில் ஆதாரமே இல்லை என்பது அவர் வாதம். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் எபிரேயப் பேராசிரியர் ஜார்ஜ் புஷ் சொன்னது இன்னும் சுவாரஸ்யமானது. காலக்கணக்கில் மில்லரிடம் தப்பில்லை, ஆனால் அந்தக் காலம் முடியும்போது நடக்கப்போவது என்ன என்பதில்தான் அவர் முழுக்கத் தவறிவிட்டார் என்றார் புஷ். ஏமாற்றம் வருவதற்கு முன்பே அதைச் சமாளிக்கும் வழியை ஓர் எதிராளி சொல்லிக்கொடுத்ததாக ஆயிற்று.

1843 மார்ச் 21 முதல் 1844 மார்ச் 21-க்குள் என்பது மில்லர் வைத்த எல்லை. அந்த ஓராண்டு கழிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. தன் கணக்கு பிசகியதை மில்லர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆனால் அணி கலையவில்லை. அதற்கும் ஓர் உருவகம் கை கொடுத்தது. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் பத்துக் கன்னிகைகள் உவமையில் மணவாளன் வரத் தாமதிக்கிறான். எல்லோரும் தூங்கிவிடுகிறார்கள். நள்ளிரவில், இதோ வருகிறார் என்று சத்தம் எழுகிறது. நாம் அந்தத் தாமதத்தில் இருக்கிறோம் என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். ஒரு நாள் ஒரு வருஷம் என்றால் ஓர் இரவு ஆறு மாதம்; வசந்தத்தில் தொடங்கிய இரவு இலையுதிர் காலத்தில் விடிய வேண்டும்.

1844 ஆகஸ்டில் எக்ஸிடர் முகாமில் சாமுவேல் ஸ்னோ என்பவர் எழுந்து அந்த விடியலுக்குத் தேதி குறித்தார். முதல் திருத்தம் எளிமையானது. கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, நடுவே பூஜ்ஜிய ஆண்டு கிடையாது. கட்டளையும் ஆண்டின் நடுவில்தான் செயலுக்கு வந்தது. எனவே 2,300 வருஷம் நிறைவது 1844-இன் இலையுதிர் காலம். இரண்டாவது, மோசேயின் திருவிழாக்கள். வசந்தகாலப் பஸ்கா நாளில் சிலுவை, முதற்பலன் நாளில் உயிர்த்தெழுதல், பெந்தெகொஸ்தே நாளில் ஆவியின் வருகை. வசந்த விழாக்கள் தேதி பிசகாமல் நிறைவேறின என்றால் இலையுதிர் கால விழாக்களும் அப்படியே நிறைவேற வேண்டும். ஏழாம் மாதம் பத்தாம் தேதி பாவநிவாரண நாள். ஆண்டுக்கொருமுறை பிரதான ஆசாரியர் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போய், பரிகாரம் முடித்து, வெளியே வந்து ஜனங்களை ஆசீர்வதிக்கும் நாள். கராயிட் யூதர்களின் பழைய முறைப்படி எண்ணினால் அந்த ஆண்டு அது அக்டோபர் 22.

இந்தத் தேதி காட்டுத்தீயாகப் பரவியது. தலைவர்கள் தயங்கினார்கள், தொண்டர்கள் தயங்கவில்லை. மில்லரே அக்டோபர் 6-ஆம் தேதிதான் ஏற்றுக்கொண்டார். கடன்கள் அடைக்கப்பட்டன, பழைய பகைகளுக்கு மன்னிப்புக் கேட்கப்பட்டது. ராஜாதி ராஜாவை வரவேற்க இந்தக் கடை மூடப்படுகிறது என்று ஃபிலடெல்ஃபியாவில் ஒரு கடைக்காரர் கதவில் அறிவிப்பு ஒட்டினார். உருளைக்கிழங்கைத் தோண்டாமல் நிலத்திலேயே விட்டவர்கள் உண்டு. அந்தப் பருவத்தில் சீக்கிரம் தோண்டிய கிழங்கெல்லாம் நோய் தாக்கி அழுகியதாகவும், விட்டுவைத்த ஒரு விவசாயி பிறகு தோண்டி நல்ல விலைக்கு விற்றதாகவும் இந்த இயக்கத்தின் வழிவந்தவர்களிடையே ஒரு கதை இன்றும் வழங்குகிறது. வெள்ளை அங்கி அணிந்து வீட்டுக் கூரையிலும் குன்றுகளிலும் ஏறி நின்றார்கள் என்று கேலிக்காரர்கள் பரப்பிய கதையை மட்டும் நம்ப வேண்டியதில்லை. பின்னாளில் ஆராய்ந்தவர்களுக்கு அதற்கு உருப்படியான சான்று எதுவும் அகப்படவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை. வீடுகளிலும் கூடுமிடங்களிலும் 50,000 பேரோ அதற்கு மேலோ காத்திருந்தார்கள். நள்ளிரவு தாண்டியது. விடிந்தது.

‘இன்னும் மேலே போகவில்லையா?’ என்று தெருவில் கேட்டுச் சிரித்தார்கள். சில ஊர்களில் கூடுமிடங்கள் தாக்கப்பட்டன. மில்லரை அவருடைய லோ ஹாம்ப்டன் பாப்டிஸ்ட் சபையே விலக்கியது. இனித் தேதி குறிப்பதில்லை, ஒவ்வொரு நாளையும் அந்த நாளாகவே எண்ணிக் காத்திருப்பேன் என்று அவர் ஹைம்ஸுக்கு எழுதினார். 1848-இல் தன் பண்ணையருகே சின்ன ஜெபக்கூடம் ஒன்று கட்டினார். அது இன்றும் நிற்கிறது. 1849 டிசம்பர் 20-இல் காலமானார்.

இயக்கம் பல கிளைகளாகப் பிரிந்தது. பெரும்பாலோர் அக்டோபர் 22 பிழை என்று ஒப்புக்கொண்டு ஒதுங்கினார்கள். ஒரு சிறு கூட்டம் மட்டும் வேறு வழி கண்டது. நியூயார்க் மாநிலத்தின் போர்ட் கிப்சனில் ஹைரம் எட்சன் என்ற விவசாயியின் வீட்டில் கூடியிருந்தவர்கள் விடியும்வரை அழுதிருந்தார்கள். அக்டோபர் 23 காலை, மனமொடிந்த மற்றவர்களுக்கு ஆறுதல் சொல்லலாம் என்று எட்சனும் ஒரு நண்பரும் கிளம்பினார்கள். ஏளனத்துக்கு அஞ்சியோ என்னவோ, சாலையைத் தவிர்த்துச் சோளக்கொல்லை வழியாக நடந்தார்கள். கொல்லையின் நடுவில் எட்சனுக்கு ஓர் எண்ணம் பளிச்சிட்டது. பிரதான ஆசாரியர் அன்றைக்கு வெளியே வரவில்லை, உள்ளே போயிருக்கிறார்.

அதாவது சுத்திகரிக்கப்பட வேண்டிய பரிசுத்த ஸ்தலம் பூமியல்ல. எபிரெயர் நிருபம் சொல்லும் பரலோகக் கூடாரம் அது. அதற்கு இரண்டு அறைகள். 1844 அக்டோபர் 22-இல் கிறிஸ்து முதல் அறையிலிருந்து இரண்டாம் அறைக்குள், மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரவேசித்தார். பூமிக்கு வருமுன் அங்கே அவர் செய்ய வேண்டிய பணி இருக்கிறது. எட்சனும் நண்பர்களும் இதை மாதக்கணக்கில் ஆராய்ந்தார்கள். அவர்களில் ஒருவரான குரோசியர் எழுதிய நீண்ட கட்டுரை 1846 பிப்ரவரியில் சின்சினாட்டி பத்திரிகை ஒன்றின் சிறப்பிதழாக வந்தது.

என்ன நடந்தது என்று பாருங்கள். 457 அப்படியே இருந்தது. 2,300 அப்படியே இருந்தது. நாள் வருஷமாகும் விதியும் அக்டோபர் 22-உம் இம்மியும் நகரவில்லை. நகர்ந்தது ஓர் உருவகத்தின் பொருள் மட்டுமே. மில்லருக்கு நாளும் உருவகம், ஸ்தலமும் உருவகம். எட்சனுக்கு நாள் உருவகம், ஸ்தலமோ பரலோகத்தில் மெய்யாகவே இருக்கும் இடம். ஸ்டூவர்ட்டுக்கு நாளும் மெய், ஸ்தலமும் மெய், எருசலேம் ஆலயம். ஒரே வசனத்தில் எந்தச் சொல்லை உருவமாகக் கொள்வது, எதை உள்ளது உள்ளபடி கொள்வது என்பதில்தான் மூவரும் பிரிந்தார்கள். பூமியில் நடக்கும் நிகழ்ச்சியைக் கண்ணால் பார்த்துச் சரி தவறு சொல்லிவிடலாம். பரலோக அறையில் நடப்பதை அப்படிச் சரிபார்க்க வழியில்லை. அதனாலேயே எட்சனின் விளக்கம் நிலைத்தது.

இந்தக் கூட்டம் சனிக்கிழமை ஓய்வுநாளையும் ஏற்று, எலன் ஒயிட் என்ற பெண்ணின் தரிசனங்களால் வலுப்பெற்று, 1863 மே மாதம் மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக்கில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாக முறைப்படி அமைந்தது. தமிழ்நாட்டில் அதன் வேர் ஓடும் இடங்களில் ஒன்று தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரம். அங்கே 1857-இல் ஐரோப்பிய மிஷனரிகளை விட்டுப் பிரிந்து இந்து கிறிஸ்தவ சபை கண்ட சட்டாம்பிள்ளையின் வழியினர், அமெரிக்கர் யாரும் வந்து சொல்வதற்கு வெகுமுன்பே பழைய ஏற்பாட்டைப் படித்துச் சனிக்கிழமையை ஆசரித்துவந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்வென்டிஸ்ட் மிஷனரி ஜே. எஸ். ஜேம்ஸ் அந்த ஊருக்கு வந்தது அவர்களை நாடித்தான்.

1844 பற்றிய விவகாரம் சபைக்குள் ஓயவில்லை. 1979 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் பசிஃபிக் யூனியன் கல்லூரியில் ஆஸ்திரேலிய இறையியலாளர் டெஸ்மண்ட் ஃபோர்டு ஓர் உரை நிகழ்த்தினார். தானியேல் 8:14-இன் சூழல் அந்தியோக்கஸைத்தான் சுட்டுகிறது, நாள் வருஷம் என்ற விதி உறுதியானதல்ல, எபிரெயர் நிருபத்தின்படி கிறிஸ்து பரமேறியபோதே மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போய்விட்டார் என்பவை அவர் முன்வைத்த வாதங்கள். எழுத்தில் விளக்கம் தரச் சபை அவகாசம் கொடுத்தது. அவர் 991 பக்கங்களில் எழுதிக் கொடுத்தார். 1980 ஆகஸ்டில் கொலராடோ மாநிலத்தின் கிளேசியர் வியூ முகாமில் நூற்றுக்கு மேற்பட்ட அறிஞர்களும் நிர்வாகிகளும் கூடி அதைப் பரிசீலித்தார்கள். சிறிது காலத்தில் ஃபோர்டின் போதகர் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. 2019-இல் அவர் காலமானார். சபையின் 28 அடிப்படை விசுவாசங்களில் 24-ஆவது, 2,300 நாள் காலம் 1844-இல் முடிந்தது என்றே இன்றும் சொல்கிறது.

(அடுத்த பகுதியில்: டெக்சாஸ் மாநிலம் வேக்கோவுக்கு அருகே, இதே மரபிலிருந்து பிரிந்த ஒரு குழு 1,260 நாட்களை வருஷமாக்காமல் நாட்களாகவே எண்ணி, 1959 ஏப்ரல் 22-க்காகக் காத்திருந்த வரலாறு.)